ஐந்து சதவீதக் கட்டத்தின் முற்றுகை

மடிக்கணினியைக் கேடயமாகவும் முதுகுப்பையை அம்புக்கூடாகவும் தாங்கியவளை, பணிவான நினைவூட்டல் என்னும் கணையை எய்து எய்து விரல்நுனி காய்த்தவளை, மூடிய கதவுக்கு முன் நின்றே பருவங்கள் மாறக் கண்டவளை முதற்கண் வணங்குகிறோம். வகுப்பில் அவளுக்கு வழங்கிய பெயர் அவசரம். வினாத்தாள் கைக்கு வருமுன்பே விடைத்தாளில் தன் எண்ணை எழுதி, அதற்கு இரட்டைக் கோடும் இட்டு, பேனாவை ஓங்கிக் காத்திருப்பவள் என்பதால் வந்த பெயர் அது. புள்ளியியல் முதுகலையில் பதினேழு பேருள் முதலாவதாகத் தேறியவள். தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித்தொகையோடு ஆய்வு செய்ய விண்ணப்பித்து, அதன் கட்டங்களை எல்லாம் நிரப்பி, தன் கையால் நிரப்ப இயலாத ஒரே ஒரு கட்டத்தால் உறக்கம் இழந்தவள். வாழி அவள் பொறுமை! பிறவியிலேயே அவளிடம் இல்லாத பொருள் அது என்பதால் இன்னொரு முறையும் வாழி!

நாட்டின் வளமும் நகரின் அழகும் பாடிய பிறகே போருக்குள் புகவேண்டும் என்பது காவியம் செய்தோர் வழக்கு. நமக்கு வாய்த்த நாடு ஒரு தாழ்வாரம். மூன்றாம் மாடியில் மேற்கு நோக்கி நீண்டு கிடக்கும் அத்தாழ்வாரத்தில், சாகவும் மனமின்றி வாழவும் தெம்பின்றி ஒரு குழல்விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். குடிநீர்ப் பெட்டியின் குழாய், கீழே வைத்த வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தன் சோகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒற்றைக் குண்டூசியில் தொங்கும் பழைய கருத்தரங்க அறிவிப்பு, காற்றடிக்கும் போதெல்லாம் வருவோர்க்கும் போவோர்க்கும் முதுகு காட்டும். அதன் எல்லையில், கோட்டை வாயில்போல் ஒரு கதவு. கதவில், 'உள்ளே' என்றும் 'வெளியே' என்றும் நகர்த்தத்தக்க ஒரு பலகை. அப்பலகை என்றோ 'வெளியே' என்ற இடத்தில் இறுகிவிட்டபடியால், கோட்டைக்குரியவர் உள்ளே இருக்கும்போதும் வெளியேதான் இருந்தார்.

அவரே தசமம். மாணவர் சூட்டிய பெயர். தோராயம் என்ற சொல்லை நாவால் தீண்டாத புள்ளியியல் பேராசிரியர். குழம்பில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால், "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்கும் நடுநிலையாளர். முகங்களை அன்றே மறப்பவர். எண்களை என்றும் மறவாதவர். அவர் யாரையும் புகழ்ந்ததில்லை என்ற ஒரே காரணத்தால், அவர் எழுத்துக்குத் தூரத்துப் பல்கலைக்கழகங்களில் தனி மதிப்பு இருந்தது. ஆகவேதான் நம் தலைவி, எளிதில் புகழும் நல்லிதயங்கள் பலவற்றைத் தாண்டிச் சென்று இக்கதவைத் தட்டினாள்.

தட்டி, தன் வேண்டுகோளை உரைத்தாள். நெடிய மௌனம் ஒன்று அறைக்குள் வந்து நாற்காலி போட்டு அமர்ந்தது. பிறகு பேராசிரியர், "ம்" என்றார்.

அந்த ஒற்றெழுத்துக்கு எழுந்த உரைகள் பல. விடுதி அறைத்தோழி, "சரின்னு அர்த்தம், போய்த் தூங்கு" என்று பொழிப்புரை செய்தாள். தொலைபேசியில் அம்மா, "சரி, நீ கிளம்புன்னு அர்த்தம். உங்கப்பாவும் அப்படித்தான் ம் போடுவார், இன்னைக்கு வரைக்கும் அந்தக் குழாய் ஒழுகுது" என்று அனுபவ உரை செய்தாள். இவ்விரு உரைகளுக்கும் இடையில் ஊசலாடிய தலைவி, போர் தொடுப்பது என்று துணிந்தாள்.

முதற்கண் மின்னஞ்சற் போர். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி' என்று முடியும் முதற்கணை பறந்தது, பதில் இல்லை. 'தங்கள் வேலைப்பளுவை நான் அறிவேன், ஆயினும்' என்ற இரண்டாம் கணை பறந்தது, பதில் இல்லை. மூன்றாம் கணையை எழுதுமுன், 'நினைவூட்டுகிறேன்' என்றால் மறந்துவிட்டீர் என்று குற்றம் சாட்டுவதாகுமோ, 'விசாரிக்கிறேன்' என்றால் காவல்துறை வாடை வீசுமோ என்று ஒரு முழு மாலைப்பொழுது அவள் சொற்களை நிறுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா' என்று எழுதி, அது மிரட்டல்போல் ஒலிப்பதை அனுப்பிய பின்னரே உணர்ந்து, தலையணையில் முகம் புதைத்தாள்.

மின்னஞ்சல் முறிந்தபின் நேர்ப்போர் ஒன்றே வீரர்க்கு வழி. விண்ணப்பத்தின் இறுதி நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள், குடிநீர்ப் பெட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றவள், காலிப் புட்டியோடு நடந்துவந்த பேராசிரியரை, நீர்த்துறைக்கு வந்த களிற்றை வளைக்கும் வேடர்போல் வளைத்தாள்.

"சார், அந்த லெட்டர்..."

"எழுதியாச்சேம்மா. ரெண்டு பக்கம்."

தலைவியின் உள்ளத்தில் முரசங்கள் முழங்கின. யானைகள் துதிக்கை உயர்த்தின.

"அனுப்பியாச்சா சார்?"

"இல்ல."

முரசங்கள் நின்றன. யானைகள் துதிக்கையைத் தொங்கவிட்டன. பேராசிரியர் புட்டியை வழிய வழிய நிரப்பி மூடினார். பிறகே கோட்டையின் உண்மையான காவலன் யார் என்பது வெளிப்பட்டது. கடிதத்தை ஏற்றும் இணையப் பக்கத்தில், அனுப்பு என்னும் பொத்தானுக்கு முன்னால் ஒரு கேள்வி குறுக்கே படுத்திருந்தது. 'இம்மாணவர் தம் வகுப்பில் எந்த நிலையில் உள்ளார்?' அதன் கீழே நான்கு கட்டங்கள்: முதல் ஐந்து சதவீதம், முதல் பத்து, முதல் இருபத்தைந்து, முதல் ஐம்பது. முதற்கட்டத்தில் உள்ளோர்க்கே உதவித்தொகையில் முன்னுரிமை என்று அப்பல்கலைக்கழகம் வேறோரிடத்தில் பொடி எழுத்தில் சொல்லியிருந்ததை அவள் மனப்பாடமாய் அறிவாள்.

"நான்தானே சார் ஃபர்ஸ்ட்?"

"ஆமா. பதினேழு பேர்ல ஒண்ணு. அஞ்சு புள்ளி எட்டு எட்டு. அது அஞ்சுக்குள்ள வராதே."

"கொஞ்சம் ரவுண்ட் பண்ணிக்கலாமே சார்?"

"பண்ணலாம்." பேராசிரியர் அவளைக் கனிவோடு பார்த்தார். "ஆறு வரும்."

பாரெங்கும் உள்ள பேராசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதற்கட்டத்தில் கோடு இழுத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகும் காலத்தில், இவர் ஒருவர் மட்டும் புள்ளிக்குப் பின்னால் நின்ற இரண்டு எட்டுகளுக்குத் துரோகம் செய்ய மாட்டாமல் நாள்கணக்கில் அந்தக் கட்டங்களின் முன் உட்கார்ந்திருந்தார். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் பக்கத்தைத் திறந்து, நெடுநேரம் பார்த்து, மூடிவைத்தார். அந்த மௌனத்தில் அவரும் துன்புற்றிருந்தார் என்பதை நம் தலைவி அப்போதுதான் கண்டாள். கண்டும் அவளுக்கு இரக்கம் பிறக்கவில்லை.

"இருபது பேர் இருந்திருந்தா சரியா அஞ்சு" என்றார் பேராசிரியர், இறந்த உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல. "ஆரம்பத்துல இருபது பேர்தான். மூணு பேர் பாதியில போயிட்டாங்க."

"அவங்களையும் சேர்த்துக்கலாமே சார்! கிளாஸ்ல உக்காந்தாங்க, முதல் டெஸ்ட்டும் எழுதினாங்க!"

"நான் கண்ணால பாக்காததை எண்ணுறதில்லம்மா."

"கூட்டிட்டு வந்தா?"

வாளியில் ஒரு சொட்டு. "வந்தா எண்ணலாம்" என்றார் தசமம்.

அந்தக் கணமே படை திரட்டும் படலம் தொடங்கிற்று. களத்தை விட்டு அகன்று, ஊர் நடுவே வெவ்வேறு பிழைப்பில் கரைந்துபோன மூன்று வீரரையும் மீட்டுவர, நம் தலைவி பேருந்து என்னும் தேரேறி, நடத்துனரிடம் சில்லறைக்குத் தோற்று, நகரைக் குறுக்கு நெடுக்காய் உழுதாள்.

முதலாமவன் டவர். நெட்டையன், கைப்பேசிக் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டுபவன். செய்தி கேட்டு, ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி புகவிட்டான். "மூஞ்சியைக் காட்டினா போதும்தானே? கேள்வி எதுவும் கேட்டுட மாட்டாரே?" என்று வாக்குறுதி வாங்கிய பின்னரே படையில் சேர்ந்தான். இரண்டாமவன் தூங்குமூஞ்சி. பார்சல் கிடங்கில் இரவுப் பணி; பகலில் கும்பகருணனும் பாய் தரத்தக்க துயில். கதவைத் திறந்தவன் அரைக்கண்ணால் அவளை அளந்து, "அந்தக் கிளாஸ்ல நான் முழிச்சே இருந்ததில்லடி. அவருக்கு என் உச்சந்தலை மட்டும்தான் தெரியும்" என்று உண்மை உரைத்தான். "அதையே கொண்டு வா" என்றாள் தலைவி.

மூன்றாமவள் கோட்டான். ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம். அப்பா நோயில் விழுந்ததும் படிப்பை விட்டவள். அவர் தேறிய பின்னும் திரும்பாமல், சித்தியின் மருந்துக்கடையில் நின்றுவிட்டவள். தலைவி மூச்சிரைக்க மொத்தப் போர்க்கதையையும் சொல்லி முடிக்கும் வரை, சீட்டைப் பார்த்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தசமம் இன்னும் அந்தச் சட்டைதான் போடுறாரா?" என்று கேட்டாள்.

"எந்தச் சட்டை?"

"கட்டம் போட்டது."

"ஆமா."

"நாளைக்கு வரேன். சித்தி சாப்பிட்டு வந்ததும்."

வெள்ளிக்கிழமை பிற்பகல், தாழ்வாரம் அதிர நால்வகைப் படையும் நடந்தது. நால்வகை என்றது நான்கு பேரை. துடிக்கும் குழல்விளக்கு ஒருகணம் நின்று எரிந்தது. 'வெளியே' என்ற பலகையைத் தாண்டி அவர்கள் உள்ளே புகுந்தபோது, பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, அதே நான்கு கட்டங்களின் முன் அமர்ந்திருந்தார்.

அவர் பார்வை முதலில் டவர்மேல் விழுந்தது. "கொஞ்சம் நகரு" என்றார், நகர்ந்தான். "இன்னும் கொஞ்சம்." நகர்ந்தான். "ஆமா. புரொஜெக்டர்ல எப்பவும் ஒரு நிழல் விழும். பதினெட்டு."

தூங்குமூஞ்சியை நெடுநேரம் பார்த்தார். அடையாளம் தட்டுப்படவில்லை. தலைவி முழங்கையால் இடித்ததும், அவன் எதிரே இருந்த மேசையில் கைமடித்துக் கவிழ்ந்து படுத்தான். "அட, இவனா!" என்றார் பேராசிரியர். "பத்தொம்பது." அவன் எழுந்திருக்கவில்லை, அத்தனை இரவுகளின் உறக்கமும் அங்கேயே அவனைப் பிடித்துக்கொண்டது.

இறுதியாகக் கோட்டானிடம் வந்தார். முகம் நினைவில்லை. "முதல் டெஸ்ட்ல எவ்வளவு?"

"தெரியாது சார். பேப்பர் குடுக்கிறதுக்குள்ள நின்னுட்டேன்."

"கடைசிக் கணக்கை யாரும் போடாத வழியில போட்டது நீதானே? பாதிப் பக்கத்துல முடிச்சது?"

கோட்டான் தலையசைத்தாள்.

"தொண்ணூத்தாறு. அப்போ இருபது." பேராசிரியரின் கை சுட்டியை நோக்கி நகர்ந்தது. திசைகள் எட்டும் மூச்சடக்கின. முதற்கட்டத்துக்கு மேல் அம்புக்குறி, இரையைக் கண்ட பருந்துபோல் வட்டமிட்டது. வட்டமிட்டு, நின்றது. அவர் தலைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு அதுல தொண்ணூத்திமூணும்மா."

நம் காவியத்தில் இதுவரை வந்த மௌனங்கள் எல்லாம் மௌனத்தின் பிள்ளைகள். தாய் இப்போதுதான் வந்தது.

"சார், அது ஒரே ஒரு டெஸ்ட்! அதுக்கப்புறம் எல்லாப் பரீட்சையும் நான்தானே..."

"ஒரே ஒரு டெஸ்ட்டை வெச்சு அவ உன்னைவிட மேலன்னு சொல்ல முடியாது. கீழன்னும் சொல்ல முடியாது. ஆனா அவளை எண்ணச் சொன்னது நீ. ஆளை எண்ணிட்டு மார்க்கை எண்ணாம விட முடியுமா? அதையும் எண்ணினா நீ இருபதுல ரெண்டாவது, பத்து சதவீதம். மூணு பேரையும் அனுப்பிட்டா, பழைய அஞ்சு புள்ளி எட்டு எட்டு."

"நான் மட்டும் வெளிய போயிடவா?" என்று கேட்ட கோட்டான், ஒரு கணம்கூட இமைக்காமல், தனக்குத்தானே சொல்வதுபோல் மெல்லச் சேர்த்தாள்: "ஆனா பத்தொம்பதுன்னாலும் அஞ்சு புள்ளி ரெண்டு ஆறு வருதே."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டவர் தன் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதான் என்பதுபோல் புருவம் உயர்த்தினான். அவசரம் மட்டும் அசையவில்லை. அவள் கோட்டானின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பொட்டலங்களுக்குப் போடும் ரப்பர் வளையங்கள் ஏழெட்டு அதில் கிடந்தன. இத்தனை காலமும் தான் முதலிடத்தில் நின்றது, வேறொருத்தி எழுந்துபோன நாற்காலிக்குப் பக்கத்தில்தான் என்பது, அவளுக்குள் எங்கோ ஆழத்தில், கிணற்றில் விழுந்த கல்போல் தாமதமாய் ஒலித்தது. இன்னும் வாதிடலாம், வாதிட அவளிடம் சொற்கள் இருந்தன, வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கு அவசரம் இருக்கவில்லை.

"பத்துலயே போடுங்க சார்."

"அஞ்சுக்குத்தானேம்மா இவ்வளவு பேரைக் கூட்டிட்டு வந்தே?"

"எண்ணினது எண்ணினதுதானே சார்."

பருந்து ஒரு கட்டம் கீழிறங்கி அமர்ந்தது. ஆயின் பேராசிரியர் உடனே அனுப்பிவிடவில்லை. கட்டங்களுக்குக் கீழே, 'வேறு ஏதேனும்' என்ற தலைப்பில் அகன்று கிடந்த வெற்றிடத்தை, தம் பணிக்காலம் முழுவதும் எந்த மாணவருக்காகவும் உழாத அந்தத் தரிசை, அவர் முதல்முறையாக நோக்கினார். இரு ஆட்காட்டி விரல்களால், ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தேடி, ஒரு கோபுரத்துக்குக் கல் சுமப்பவர்போல் எழுதினார். தோளுக்குப் பின்னால் நின்று தலைவி படித்தாள்: 'பதினேழு பேரில் இவர் முதலாமவர். இருபது பேரில் இரண்டாமவர். அந்த இருபதில் முதலாமவரைத் தேடி என் அறைக்கு அழைத்து வந்தவரும் இவரே.'

அனுப்பு என்னும் பொத்தான் அமிழ்ந்தது. வானில் துந்துபி முழங்கவில்லை, பூமழை பொழியவில்லை, குடிநீர்ப் பெட்டி மட்டும் வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. தலைவி மேசையில் கவிழ்ந்து உறங்கும் வீரனைத் தோள் பிடித்து எழுப்பி, நெட்டை வீரனோடு சேர்ந்து கைத்தாங்கலாய் நடத்தி, வென்றோமா தோற்றோமா என்று தெரியாத படைகளுக்கே உரிய அமைதியோடு தாழ்வாரத்தில் இறங்கினாள்.

கோட்டான் மட்டும் வாசலிலேயே நின்று, மறுபடி சேர்வதற்குத் தனக்கும் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டாள், அவர் "ம்" என்றார்.