இறங்க மறுத்த கூரை

ஆர்வில், தான் வாங்கிவந்த பழைய கேம்பரின் சுவரை ஒரு விரலால் சும்மா அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

இன்னொரு விரலையும் விட்டுப் பார்த்தார். அதுவும் போயிற்று. மரம் என்று அவர் நம்பியிருந்தது, பாலில் ஊறிய ரொட்டியைப் போல இருந்தது.

முப்பத்தைந்து வயதான கேம்பர் அது, வெளியூரில் தங்கப் படுக்கையும் அடுப்பும் வைத்த பெட்டி வீடு. பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கூரையை மேலே தள்ளினால் கான்வாஸ் சுவர் விரிந்து, உள்ளே நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும். சின்ன ஒழுகல் ஒன்றுதான், வேறு குறையே இல்லை என்று சொல்லி விற்றவன், சாவி கைமாறியதும் ஒரு காப்பிக்குக்கூட நிற்கவில்லை. ஆர்வில் அப்போதே யோசித்திருக்கலாம். ஐடஹோ பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு நடத்தியவருக்கு மனிதர்களைக் கணக்குப் போட வரவில்லை.

கல்யாணமான புதிதில் மனைவி ரோவீனாவை மலைமேல் இருக்கும் டாகெட் ஏரிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நாலு மணி நேரப் பயணம்தான். வேலை, வீட்டுக் கூரை, மூட்டுவலி என்று முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. போன கிறிஸ்துமஸ் அன்று பாத்திரம் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இனிமே அந்த ஏரியப் பத்தி நான் கேக்க மாட்டேன், ஆர்வில்."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்த அமைதியான குரல் அவரைக் குத்தியது. இந்தத் தடவையும் வாக்குத் தவறினால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்று பயந்தார்.

ஏரியில் கேம்பர் நிறுத்த ஆறு மாதம் முன்பே, காலை எட்டு மணி அடிக்கிற நொடியில் கணினியில் பதிய வேண்டும். மார்ச்சில் இரண்டு கணினியும் ஒரு போனுமாக உட்கார்ந்து செப்டம்பர் பன்னிரண்டைப் பிடித்துவிட்டார். தேதி கிடைத்தாயிற்று. கேம்பருக்குத்தான் சுவர் இல்லை.

ரோவீனா வந்து ஓட்டைகளைப் பார்த்தாள். "அவசரமே இல்ல, நிதானமாப் பண்ணு. அக்காவுக்கு முழங்கால் சரியில்லையாம், நான் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். இப்படி ஒரு பொறுமைசாலி யாருக்கு வாய்ப்பாள் என்று ஆர்வில் நெகிழ்ந்துபோனார்.

அப்புறம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சுவரை எடுத்தால் சட்டம் உளுத்திருந்தது. சட்டத்தை எடுத்தால் தரை கையோடு வந்தது. இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு தடிமனில் பலகை போட்டார். பக்கத்து வீட்டு க்ளைட் தினமும் காலையில் மேற்பார்வைக்கு வருவார். அவர் கையில் இருக்கும் ஒரே கருவி காப்பிக் கோப்பை.

"கனம் ஜாஸ்தியாத் தெரியலியா?" என்றார் க்ளைட்.

"பலம்" என்றார் ஆர்வில்.

ஜூன் கடைசியில் வேலை முடிந்த மாதிரி இருந்தது. ரோவீனா சுற்றிப் பார்த்துவிட்டு, படுத்துக்கொண்டு புத்தகம் படிக்க வெளிச்சம் இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். முப்பத்தோரு வருடத்தில் ஏரியைத் தவிர அவள் கேட்டது அவ்வளவுதான். ஆர்வில் உடனே கூரைமேல் சோலார் தகடும் பெஞ்சுக்கு அடியில் பேட்டரியும் வைத்தார்.

இப்போது தகட்டின் கனத்தில் கூரை எழும்பவில்லை. கையால் தள்ளினார், முதுகால் தள்ளினார், கடைசியில் தலையால் முட்டினார். அசைந்தது கழுத்து மட்டும்தான். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு மாதிரி நாலு மூலையிலும் போடலாம் என்று க்ளைட் யோசனை சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆர்வில் இருப்பதிலேயே பெரியதாக வாங்கி மாட்டினார்.

கொக்கியைக் கழற்றியதும் கூரை க்ளைட்டின் தொப்பியையும் தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு இறங்க மறுத்தது. கிழவர்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கினார்கள். ரோவீனா சமையலறை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்காவுக்குப் போன் பண்ணினாள். முழங்கால் மறுபடி மோசமாம்.

கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டார். கீழேயிருந்து தள்ளுவது அதிகம் என்றால் மேலேயிருந்து அமுக்குவதும் அதிகமாக வேண்டும். இன்னொரு சோலார் தகட்டை ஏற்றினார். கூரை பசுவைப் போலச் சாதுவாக இறங்கியது.

ஆகஸ்டில் ஊர்க் குப்பைக்கிடங்கின் எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினார். வண்டி எவ்வளவு தாங்கும் என்று கதவோரம் ஒட்டியிருந்த சீட்டு அனுமதித்ததைவிட எழுநூறு பவுண்டு கூடுதல். எடை போடும் பெண் ஆச்சரியமே படவில்லை. கோடை முழுக்க ஊரே வந்து இப்படி முழிக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அடுப்பு போயிற்று, தொட்டி போயிற்று, அலமாரி, மெத்தை, பெஞ்சு எல்லாம் போயின. கடைசியில் படிக்க நல்ல வெளிச்சம் இருந்தது, உட்காரத்தான் இடம் இல்லை. அக்கா வீட்டிலிருந்து சிவந்த மூக்கோடு திரும்பிய ரோவீனா உள்ளே எட்டிப் பார்த்தாள். அக்கா வீட்டுப் பால்கனியில் வெயில் கடுமையாம்.

"எனக்கு இது போதும், ஆர்வில். நீ பட்ட பாட்ட நான் பாத்தேன்ல?" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி புறப்பட்டார்கள். மலை ஏற ஏற அவருக்கு ஒரே கவலை. இத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு ஏரி சின்னதாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? ரோவீனா வழி நெடுக வாயே திறக்கவில்லை. பரவசம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நுழைவாயிலில், கோடை முழுக்க அங்கேயே தங்கி முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பட்டியலோடு வந்தார். ஆர்வில் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"முப்பத்தோரு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருந்தேங்க. இன்னைக்குத்தான் என் பொண்டாட்டி இந்த ஏரிய மொதமொதலாப் பாக்கப்போறா."

ரோவீனா கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள். பெரியவர் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, வாங்க ரோவீனா! இந்தக் கோடையில இது ஆறாவது தடவை இல்ல? எப்பவும் நீங்களும் அக்காவும்தான வந்து கூடாரம் போடுவீங்க, இந்தத் தடவை என்ன, டிரைவர் வெச்சுக்கிட்டீங்களா?"