ஒரே அளவில் உடைந்த வரிகள்

என் வீட்டுக் கல்யாணத்திலிருந்து விரிசல் விட்ட ஜாடி ஒன்றுகூட வெளியே போகாது. இது நான் எடுத்த முடிவு. மகள் வெண்பாவின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க முந்நூறு ஊறுகாய் ஜாடி வேண்டும். கடைக்கே போய் முந்நூறையும் நானே தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் விருத்தாசலத்தில் பீங்கானைத் தரம் பிரிக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவன். விரலால் தட்டினால் 'டிங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் விரிசல். நான் அதிகம் பேசமாட்டேன். தட்டுவேன்.

அந்தத் தட்டல்தான் நிச்சயதார்த்தத்தில் வம்பாயிற்று. மாப்பிள்ளை சேரனின் தாய்மாமன் நல்லமுத்து பீங்கான் கடைக்காரர். அவர் கடைக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். குடிப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டேன். கூடம் நிறைய ஆட்கள். கோப்பை 'டொக்' என்றது. நல்லமுத்துவின் முகம் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் மாதிரி ஆயிற்று. கல்யாணம் நின்றுபோகாததற்குக் காரணம் என் மனைவி கண்ணம்மாள். "அவருக்குக் காது மந்தம். எதையாச்சும் தட்டிக்கிட்டே இருப்பாரு" என்று சமாளித்தாள். அன்றிலிருந்து சம்பந்தி வீட்டார் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார்கள்.

ஜாடி வாங்கவேண்டியதும் அதே நல்லமுத்து கடையில்தான்.

நான் செருப்பை மாட்டுகிற நேரத்தில் கண்ணம்மாள் மடிக்கணினியோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, நில்லுங்க. குடி முழுகிப்போச்சு!"

"என்னா ஆச்சு?"

"நலுங்குப் பாட்டு பொஸ்தகம் அச்சுக்குப் போவணுமில்ல? இதப் பாருங்க. வரியெல்லாம் ஒடைஞ்சி கெடக்குது."

பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு மாமி
யார் மனசு தங்கம்

"அடக் கடவுளே. மாமி யாருன்னு கேட்டு வெச்சிருக்குது!"

"சம்பந்தியம்மா படிச்சா என்னாவும்? ஏற்கெனவே நீங்க கோப்பையத் தட்டினது..."

"அத விடு."

"சாயங்காலத்துக்குள்ள கேக்கறாங்க. ஒடைஞ்சதக் கண்டுபுடிக்க இந்த ஊர்ல உங்கள விட்டா ஆரு இருக்கா?"

வாஸ்தவம். செருப்பைக் கழற்றினேன்.

"ஜாடி?"

"ஜாடி எங்க ஓடிப்போவுது? நான் பூக்காரம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெண்பாவுக்குக் கணினியில்தான் வேலை. நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு கறுப்புத் திரையைக் காட்டிக்கொடுத்தாள். படம் கிடையாது. பொத்தான் கிடையாது. கட்டளையை எழுதித் தட்டினால் செய்யும். இந்த வீட்டில் என் கட்டளைக்குக் கீழ்ப்படிவது அது ஒன்றுதான். அதற்குப் பெயரே கட்டளை வரி. திரைக்கு வெளியே கட்டளை கண்ணம்மாளுடையது. வரி கட்டுவது நான்.

முதலில், வரி முறிவை நீக்கு என்று கட்டளை கொடுத்தேன். நீக்கியது. எல்லாவற்றையும். புத்தகம் முழுவதும் ஒரே வரி. விருத்தாசலத்தில் பாட ஆரம்பித்தால் சேத்தியாத்தோப்பில்தான் மூச்சு விடலாம்.

பழையபடி ஆக்கிவிட்டு, 'செட்' என்று ஒரு கருவியிடம் சொன்னேன்: முற்றுப்புள்ளியில் முடியாத வரியை அடுத்ததோடு சேர். நலுங்குப் பாட்டில் ஏது முற்றுப்புள்ளி? புள்ளி இருந்த ஒரே இடம் மாப்பிள்ளையின் பி.இ. பட்டம். அதுவும் நடுவில் உடைந்திருந்தது. 'பி.' வரைக்கும் ஒரு வரி. 'இ.'யிலிருந்து இன்னொரு வரி.

பக்கத்து வீட்டுப் பானுமதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, தனியா பேசிக்கிறீங்க?"

"செட்டு சரியா சேக்கலம்மா."

"செட்டு சேரலியா? ஐயோ, கல்யாணத்துக்கு பத்து நாளுதானே இருக்குது!"

அவள் தெருவுக்குச் சொல்லப் போய்விட்டாள்.

பிறகுதான் எண்ண வேண்டும் என்று தோன்றியது. காலையும் கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனியாக எண்ணுகிற கணினிக் கணக்கில், உடைந்த வரிகள் ஒவ்வொன்றும் சரியாகப் பத்தொன்பது எழுத்து. ஒழுங்காக முடிந்த வரிகள் அதைவிடக் குட்டை. முப்பது வருஷத்தில் ஒரே அளவில் உடைந்த பீங்கானை நான் பார்த்ததே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

பத்தொன்பது இருந்தால் அடுத்ததோடு ஒட்டு, குறைந்தால் விட்டுவிடு. ஒரே கட்டளை. தட்டினேன். பிரிந்திருந்த மாமியார் ஒன்று சேர்ந்தாள். மனசு தங்கமாயிற்று. என் காதுக்குள் 'டிங்'.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கண்ணம்மாள் இறங்கினாள். பின்னாலேயே பெட்டி பெட்டியாக இறங்கியது.

"என்னா இது?"

"ஜாடிங்க. முந்நூறும் கலர் பேப்பர் சுத்தி ஒட்டியாச்சு."

"தட்டிப் பாக்காமயா?"

"ஆரு சொன்னா? நல்லமுத்து அண்ணன் டீ சொல்லப் போனப்ப மோதிரத்தால நானே தட்டிட்டேன். ஏழு டொக்கு. சத்தமில்லாம மாத்தி வெச்சிட்டேன்."

மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினேன். "பாட்டு சேந்துடுச்சு. அச்சாபீசுக்கு அனுப்பலாம்."

"பொஸ்தகமா? அது போன வாரமே அச்சாயி பீரோவுல இருக்குதே."

"அப்ப இத ஒடைச்சது ஆரு?"

"நாந்தான். பொடவைய மடிக்கிறாப்ல ஒரு கட்டளை இருக்குதாமே, ஃபோல்டுன்னு. வெண்பா சொல்லிக்குடுத்தா. மடிக்கணினின்னு பேரு வெச்சிட்டு மடிக்காம இருந்தா எப்படி?"

"அது என்னா பத்தொம்பது?"

"நம்ம கல்யாணத்தப்ப என் வயசு. எண்ணிக் கண்டுபுடிச்சிடுவீங்களோன்னு பயந்துகிட்டேதான் இருந்தேன்."

கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு வாழையெல சொல்ல திட்டக்குடி போயிட்டு வரேன்" என்றாள்.

"நானும்..."

"சமையல்காரரு மளிகை சாமான் பைலு அனுப்பியிருக்காருங்க. அதுவும் ஒடைஞ்சி கெடக்குது. பாத்து வைங்க."

இனிமேல் ஏமாறுவேனா? அவள் உடைத்ததா, தானாக உடைந்ததா என்று அவள் எதிரிலேயே திறந்து எண்ணிப் பார்த்தேன்.

இந்த முறை இரண்டு வரிகள்கூட ஒரே நீளத்தில் இல்லை.