முற்றத்தில் ஒரு லாரித் தண்ணீர்

வடிகாலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர் வீட்டு வடிகால் ஒழுங்காக இருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். மனை போடுகிறவர்கள் மழைநீரைப் பக்கத்து வயலுக்குள் தள்ளிவிடுவதைக் கண்டித்து நான் நிறைய எழுதியிருக்கிறேன். (காட்டமாகவே. கண்டனத்தை வேறு எப்படி எழுதுவது?) பிறகு தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் வழியில் நானே ஒரு வீடு கட்டினேன்.

மேற்கே சாலை. சாலைக்கும் மனைக்கும் நடுவே வடிகால் வாய்க்கால். கிழக்கே செல்வி அக்காவின் வயல். பல வருடம் குத்தகைக்குப் பயிர் செய்தவர், சொந்தமாக வாங்கிய முதல் நிலம் அது. வாய்க்காலின் மேல் சிறுபாலம் போட எனக்கு அனுமதி வேண்டும். முற்றத்து மழைநீர் வாய்க்காலுக்குத்தான் போகிறது, வயலுக்குப் போகவில்லை என்று அரசுப் பொறியாளர் நேரில் பார்த்தால்தான் அனுமதி. பாலம் இல்லாவிட்டால் கிரகப்பிரவேசத்தன்று பசுவும் கன்றும் வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த தென்னங்கட்டையின் மேல் நடந்துதான் வீட்டுக்குள் வர வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் குறித்து, அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது.

கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்ததால், கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டது நானும் அவருடைய தம்பி ரவியும். முற்றத்துக்குத் தளம் போடும் அன்று ரவி ஒரு யோசனை சொன்னார்.

“அண்ணி, தண்ணி ஈசானி மூலைக்கு ஓடணும். மேற்கால ஓடுனா வீட்ல காசு தங்காது.”

“அந்த மூலைக்கு அந்தாண்ட செல்வி அக்கா வயல் இருக்கே, ரவி?”

“லேசா வாட்டம் குடுப்போம் அண்ணி. வாஸ்துக்கு மட்டும். மத்தபடி தண்ணி வாய்க்காலுக்குப் போயிடும்.”

வாஸ்துவுக்கு வடகிழக்காகவும் அரசாங்கத்துக்கு மேற்காகவும் ஓடும் தண்ணீர் உலகில் எங்கும் கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. (சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.) தலையாட்டிவிட்டேன்.

பொறியாளர் ஓர் இளம்பெண். கட்டையின் மேல் கவனமாக நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“நாலு குடம் தண்ணி ஊத்திக் காட்டுங்க மேடம், போதும்.”

குடமா? எங்கள் தொட்டியை நிரப்ப வந்த தண்ணீர் லாரி சாலையில் நின்றுகொண்டிருந்தது. “குடமெல்லாம் எதுக்குங்க? மழை பெஞ்ச மாதிரியே பாத்துடுவோம்” என்றேன். கணவரும் பார்க்கட்டும் என்று வீடியோ அழைப்பைப் போட்டுக் கைப்பேசியை ரவியிடம் கொடுத்தேன். வாய்க்காலைத் தாண்டிக் குழாய் வந்தது. முழுதாகத் திறக்கச் சொன்னேன்.

தண்ணீர் சற்று நேரம் முற்றத்தில் நின்று யோசித்தது. பிறகு வடகிழக்காகக் கிளம்பியது. மிச்சமிருந்த மணலை எடுத்துக்கொண்டது. பொறியாளரின் செருப்பையும் எடுத்துக்கொண்டது.

“மூடுங்க! மூடுங்க!”

“வால்வு சிக்கிக்கிச்சுங்க!” என்று லாரிக்காரர் சாலையிலிருந்து கத்தினார்.

வரப்பு உடைந்தது. அந்தப் பக்கம், செல்வி அக்கா முளைகட்டிய சம்பா விதையைத் தெளித்திருந்த நாற்றங்கால். விதையெல்லாம் அரித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் குவிந்தது.

கைப்பேசியில் கணவரின் குரல் மட்டும் உற்சாகமாக வந்தது. “சூப்பரா ஓடுதே!”

செல்வி அக்கா மண்வெட்டியோடு ஓடி வந்து வரப்பை அடைத்தார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, பேப்பர்ல எழுதுனது பத்தலன்னு என் நாத்தங்கால்லயும் எழுத வந்துட்டியா?”

“தெரியாம நடந்துடுச்சுக்கா.”

“தெரியாம ஒரு குடம் சாயும். ஒரு லாரியுமா சாயும்?”

பொறியாளர் மீட்கப்பட்ட ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். “உங்க கட்டுரையெல்லாம் படிச்சிருக்கேன் மேடம். ரொம்ப நல்லா எழுதுறீங்க” என்றார். பாலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முகூர்த்தம் தள்ளிப்போனது. உறவினர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக் காரணம் சொன்னேன். எல்லோரும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். விளங்காததால் அல்ல. செல்வி அக்காவுக்குப் புது விதை வாங்கிக் கொடுத்தோம். ரவி சேற்றில் இறங்கி நாற்றங்காலைச் சமப்படுத்தினார். “ஈசானி மூலையில இன்னும் மேடா இருக்கு தம்பி” என்று அக்கா வரப்பில் நின்று வேலை வாங்கினார்.

முற்றத்தை உடைத்து, மேற்கே வாட்டம் வைத்து மறுபடி போட்டோம். ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு காலையில் பொறியாளர் குடையோடு வந்தார். (செருப்பைக் கழற்றவில்லை.) தண்ணீர் தயங்காமல் வாய்க்காலுக்குப் போனது. செல்வி அக்காவின் இளம்பயிர் மூழ்காமல் பச்சையாக நின்றது. கார்த்திகையில் பசுவும் கன்றும் பாலத்தின் மேல் நடந்து வந்தன.

இப்போது எங்கள் சாலையில் புது வீடுகள் நிறைய வருகின்றன. எந்த முற்றத்திலும் பூச்சுக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். கொத்தனார்கள் அதற்கு ‘பேப்பரம்மா டெஸ்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்மையில் செல்வி அக்கா தன் மகளுக்கு வீடு கட்டினார். குடத்துத் தண்ணீரை ஊற்ற என்னைக் கூப்பிட்டார். நெகிழ்ந்துபோய், “நான் எதுக்குக்கா?” என்றேன்.

“நீ ஊத்துனா, எங்க போகக் கூடாதோ அங்கதான் தண்ணி மொதல்ல போகும். இப்பவே தெரிஞ்சா சரி பண்ணிடலாம்ல?”

ஊற்றினேன். தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போனது. அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.