நெருப்பம்மாவுக்குக் குளிக்கத் தண்ணீர்

உத்தெனா,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

கன்னிமரியாளின் கருணையால் முழங்கால் வலி நீங்கி நடமாடிக்கொண்டிருக்கும் என் மூத்த சகோதரி ஸ்டேஃபா அவர்களுக்கு, தம்பி ஸிக்மஸ் தாழ்மையுடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ஆல்தோனாவும் தேனீக்களும் சுகம். உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது.

நீ யூரதே கல்யாணத்துக்கு வரவில்லை. "சர்ச்சுல நடக்காத கல்யாணத்துக்கு என் காலு வராது" என்று போனை வைத்துவிட்டாய். கோபமில்லை அக்கா. சர்ச் வருவதற்கு முன்னால் நம் ஊரில் கும்பிட்ட அந்தப் பழைய சாமிகளிடம் எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரே மகள், ஓக் மரத்தடியில்தான் கல்யாணம் என்றால் அப்பன் என்ன செய்ய முடியும், நீயே சொல்லு. அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, அம்மா அடுப்பிலேருந்து நெருப்பு கொண்டு வா. அதுலதான் எங்க வீட்டு அடுப்பைப் பத்த வெக்கணும். தீப்பெட்டி ஆகாது. நெருப்பம்மா கபியா நம்ம வீட்டிலேருந்தே என்கூட வரணும்." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நான் மசிந்துவிட்டேன்.

அதோடு விட்டாளா? நெருப்பு முன்னால் துப்பாதே, திட்டாதே, பக்கத்தில் ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீர் வை, கபியா குளிப்பாள் என்றாள். அது ராத்திரி அடுப்பைச் சாம்பலால் மூடித் தூங்கவைக்கும்போது வைக்கிற தண்ணீராம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் பயணத்துக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து, காரின் பின்சீட்டில் இரும்புச்சட்டியில் தணல், ஒட்டினாற்போல் ஒரு பெரிய கிண்ணத்தில் தண்ணீர், ரெண்டுக்கும் பெல்ட் போட்டு, ஆல்தோனாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காட்டுப்பாதையில் ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு குறுக்கே வர, நான் பிரேக் அடிக்க, ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், கார் முழுக்கப் புகை. நெருப்பம்மா திருப்தியாகக் குளித்துவிட்டாள்.

சத்தியமாக அழுதேன் அக்கா. பிள்ளை மரத்தடியில் காத்திருக்கிறாள், நான் பள்ளத்தோரம் ஈரச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆல்தோனா மெதுவாக வந்து, "அழுதது போதும், எந்திரிய்யா" என்றாள். பார்த்தால் கையில் லாந்தர், உள்ளே பாதிரியார் மந்திரித்த மெழுகுவர்த்தி எரிகிறது! "நம்ம அடுப்புலதான் ஏத்துனேன். அத்தனை சாமிக்கு நடுவுல நம்ம சாமியும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு காலடியில வெச்சிருந்தேன்" என்றாள். டிக்கியில் இருந்த காய்ந்த பிர்ச் மரப்பட்டையில் அதைப் பிடிக்கவைத்துச் சட்டியில் போட்டோம். போய்ச் சேர்ந்ததும் யூரதே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சடங்கு நடத்திய தாடிக்காரர் சட்டியை முகர்ந்து, "அடடா, ஆதிகாலத்து வாசனை!" என்றார். அது சர்ச் மெழுகு வாசனை அக்கா!

ஆகவே அக்கா, அவர்கள் வீட்டு அடுப்பில் எரிவது கர்த்தர் கைபட்ட நெருப்பு. நீ தாராளமாகப் போய்ச் சாப்பிடலாம், பாவம் ஒட்டாது. புனிதர்கள் எல்லோரும் உன்னைக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஸிக்மஸ்

பி.கு.: இதை ஆல்தோனாவுக்குப் படித்துக் காட்டினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் பிரேக்கில் மெழுகுவர்த்தியும் அணைந்துவிட்டதாம். நான் அழுதுகொண்டிருந்தபோது என் கோட்டுப் பையிலிருந்த, பெட்ரோல் பங்கில் வாங்கிய லைட்டரால் பற்றவைத்தாளாம். "புள்ள மொகம் வாடாம இருந்தாப் போதும், எந்தச் சாமியும் கோச்சுக்காது" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே அடுப்பு முன்னால் போய், கபியாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். நன்றாகத்தான் எரிகிறாள். யூரதே காதுக்குப் போகவே கூடாது, படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. தூக்கி எறியாதே அக்கா, கொஞ்சம் மரியாதையாகப் போடு.