பாஸ் ஆச்சா?

"பாஸ் எங்கம்மா?"

ஆஸ்பத்திரி வாசல் காவலர் வெள்ளைச்சாமி கையை நீட்டிக்கொண்டு நின்றார். வீரம்மாள் கஞ்சித் தூக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பையைக் கவிழ்த்தாள். காலையில் கொடுத்த மஞ்சள் அட்டையைக் காணோம். கஞ்சி வாங்கிய கடையிலேயே விழுந்திருக்க வேண்டும். கடைசியில் பர்ஸுக்குள் நாலாக மடித்திருந்த காகிதம் ஒன்றை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினாள்.

வெள்ளைச்சாமி பிரித்துப் பார்த்தார். "இது ரயில்வே பாஸ்மா. இதை வச்சு காசிக்குப் போலாம். மூணாவது மாடிக்குப் போக முடியாது."

அவள் என்ன செய்வாள், பாவம்! பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்த சண்முகசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவளுக்குப் பாஸ் என்றால் ரயில் பாஸ்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு பரீட்சையும் அதில் சேர்ந்துகொண்டது. ஒரே பிள்ளை சித்தார்த்தன் ரயில்வே பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணினான். வேலைக்கு ஆர்டர் வந்தது. அதை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோயம்புத்தூரில் பேக்கரி வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான்.

"ரயில்வேல பாஸ் பண்ணிட்டுப் பன்னு சுடப் போறியா? போ. இனிமே நான் போய்ச் சேர்ந்தப்புறம் வந்தாப் போதும்!"

ஆறு வருஷம் ஆகிவிட்டது. சொன்னவர் ஒரு வார்த்தை இறங்கி வரவில்லை. கேட்டவனும் அப்பாவின் பிள்ளைதானே, வரவில்லை.

முந்தாநாள் சண்முகசுந்தரத்துக்கு ஆபரேஷன். அதிலிருந்து சிறுநீர் சொட்டுக்கூட இறங்கவில்லை. "இன்னிக்குள்ள பாஸ் ஆயிடணும்மா. ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின் வைக்கலாம்னா இவர் இதயம் தாங்காது" என்று காலையில் கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். அந்தச் சங்கதியை வாயால் சொல்லக் கூச்சப்படுகிற வீரம்மாளுக்கு, இந்தப் புதுப் பாஸ் பெரிய உதவியாக இருந்தது. பார்க்கிற நர்ஸையெல்லாம் "பாஸ் ஆச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரிசையில் ஒரு மணி நேரம் நின்று வேறு அட்டை வாங்கி அவள் மேலே போனபோது, அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த அவளுடைய போன் அதிர்ந்துகொண்டே கிடந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். எடுத்துப் பேசினாள். மணப்பாறையிலிருந்து நாத்தனார் உமாமகேஸ்வரி.

"அண்ணி! அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாராமே!"

"யாரு சொன்னா? இதோ என் முன்னாடி படுத்திருக்காரு."

"படுத்துத்தானே அண்ணி இருப்பாரு! உங்க போன்லேர்ந்து சித்தார்த்துக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போயிருக்கு. ஃபாதர் பாஸ்டுன்னு. பதினோரு தடவை கூப்பிட்டானாம், யாரும் எடுக்கல. பஸ் ஏறிட்டான்."

வீரம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு கிடந்த பாலக்கரை தையல்காரர் ஆசீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா அடிச்சேன். அய்யாவுக்குப் பாஸ் ஆச்சுங்களா, பையனுக்குச் சொல்லிடலாம்னு... அந்தக் கடைசி வார்த்தைய எழுதக் கூச்சமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"ஆச்சா? நெசமாவே ஆச்சா?" வீரம்மாள் புருஷன் பக்கம் குனிந்தாள். "ஏங்க, பாஸ் ஆச்சாங்க?"

அவர் கண்ணைத் திறக்காமல் "ம்" என்றார்.

கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை காலியாக இருந்தது. "நர்ஸ் இப்பத்தான் மாத்திட்டுப் போனாங்க" என்றார் ஆசீர்.

வீரம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. போன் காதில் இருப்பதையே மறந்துவிட்டாள்.

"அழுதுடுங்க அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் உமாமகேஸ்வரி.

"இல்ல உமா, இது சந்தோஷத்துல அழறது. உங்க அண்ணனுக்குப் பாஸ் ஆயிடுச்சு!"

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ சொல்வது கேட்டது: "அண்ணிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்க. சீக்கிரம் வேனை எடுங்க."

வீரம்மாள் மகனைக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். அதற்குள் ஸ்ரீரங்கத்தில் வீரம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஸ்ரீநிவாஸ் பேசினார்.

"மாமி, சித்தார்த் எல்லாம் சொன்னான். நீங்க ஒண்ணுத்துக்கும் கவலைப்படாதேள். ஃப்ரீஸர் பாக்ஸ் வந்து எறங்கிடுத்து. வாசல்ல பந்தல் போட்டுண்டிருக்கா."

"ஐயையோ, பந்தலைப் பிரிக்கச் சொல்லுங்க! அவர் பாஸ்தானே ஆனாரு!"

"அதேதான் மாமி. பெருமாள் திருவடி சேர்ந்துட்டார். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வரும்?"

"ஆம்புலன்ஸ் எதுக்கு? நாலு நாள்ல அவரே நடந்து வந்துடுவாரு."

ஸ்ரீநிவாஸின் குரல் குழந்தையிடம் பேசுவதுபோல் இறங்கியது. "மாமி, பக்கத்துல யாராவது இருக்காளா? போனை அவா கிட்ட கொஞ்சம் குடுங்கோ."

மத்தியானம் இரண்டு மணிக்கு மணப்பாறை வேன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பதினெட்டுப் பேர். முன்னால் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. வெள்ளைச்சாமி குறுக்கே கையை வைத்தார்.

"ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான்."

"செத்தவருக்குக்கூடவா பாஸ் கேப்பீங்க?" என்று உமாமகேஸ்வரி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"செத்தவருக்குக் கேக்கலம்மா. பாக்க வர்றவங்களுக்குத்தான்."

சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது. வீரம்மாள் செருப்பை மறந்துவிட்டு ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் பெண்களெல்லாம் வளைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் மூச்சு முட்ட, "பாஸ் ஆயிடுச்சு, பாஸ் ஆயிடுச்சு" என்றாள். சொல்லச் சொல்ல அவர்கள் அழுகை ஏறியது. இனி வேறு வழியில்லை என்று தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மூத்திரம்! உங்க அண்ணன் மூத்திரம் போயிட்டாருடீ!"

வாசலே அடங்கிவிட்டது. ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அட்டை வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும், "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

மாலை வைத்திருந்தவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது இரண்டு பக்கமும் தெரிந்தது. உமாமகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. சித்தார்த்தன் இறங்கினான். அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். சட்டைக் கையெல்லாம் மைதா. அவன் கண்ணில் முதலில் பட்டது அந்த மாலைதான். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிடா. அப்பா இருக்காருடா" என்று வீரம்மாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மெசேஜ்ல ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. நல்லா இருக்காரு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பியதும் வேறு பயம் வந்துவிட்டது.

"அப்ப நான் உள்ள போகலாமாம்மா? அவர் அன்னிக்குச் சொன்னாரே..."

வீரம்மாள் மஞ்சள் அட்டையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "ஒரு பாஸ்தான் இருக்கு. நீ போ."

அவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்தாள். இப்போது போய் அவர் கட்டில் ஓரத்தில் நின்றிருப்பான். அவர் கண்ணைத் திறந்திருப்பார். திட்டுவார், திட்டட்டும். ஆறு வருஷம் கழித்துத் திட்டுவதற்கு ஆள் கிடைத்திருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்து முடித்து, ஆசீரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வீரம்மாள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அப்ப மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க. நீங்க விட்ட ஒரு வார்த்தை எம் புள்ளையக் கொண்டாந்து சேத்துடுச்சு. சாயந்தரம் டாக்டர் வரட்டும், பாஸ் ஆயிடுச்சுன்னு நானே சொல்றேன்."

ஆசீர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"நான் எந்த வார்த்தையும் விடலம்மா. அய்யாவுக்கு இன்னும் பாஸே ஆகல. 'அவன் கோயம்புத்தூர்லேர்ந்து வந்து சேர நேரமாகும், இப்பவே அனுப்பிடுங்க தம்பி'ன்னு அவர் சொல்லச் சொல்லத்தான் அடிச்சேன்."