காற்று வெளியேற்றும் உபகுழு

மனித முயற்சியின் உச்சம் என்று நிலவுக்குப் போய்வந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பழைய பியட் காரின் எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுவதற்காக, புனே கராடியில், எங்கள் குடியிருப்பின் பதினோராவது மாடியில் நாங்கள் நடத்திய ஒன்பது கூட்டங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'பாரம்பரிய வாகனப் பாதுகாப்பு மன்ற'த்தின் செயலாளர் என்ற முறையில் அந்தக் குறையைப் போக்கும் கடமை எனக்கு இருக்கிறது.

என் பெயர் வெங்கடேஸ்வரன். கோயம்புத்தூர்க்காரன். மன்றத்தைத் தொடங்கியவர் மாதவ். பெரிய மென்பொருள் நிறுவனத்தில் இயக்குநர். உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர், அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த மென்பொருள்காரர்கள். எங்களிடம் இலச்சினை இருந்தது, சீருடைச் சட்டை இருந்தது, மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. பாரம்பரிய வாகனம்தான் இல்லை.

அது பவுனிடம் இருந்தது.

பவுன் போபோடியில் வசிக்கும் ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. அவருடைய தாத்தா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அதனால் அவர் படித்தது மராத்திப் பள்ளியில்; பேசுவது மூன்று மொழி கலந்த தமிழ். கணவர் இறந்தபின் அவர் விட்டுப்போன காரைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, தினமும் நாற்பத்திரண்டு சாப்பாட்டு டப்பாக்களைக் கராடிக்குக் கொண்டுவருகிறார். அதில் ஒன்று என்னுடையது. எங்கள் குடியிருப்பில் அவரைப் பசிக்கும்போது 'அக்கா' என்றும் மற்ற நேரங்களில் 'டப்பாக்காரம்மா' என்றும் சொல்வது வழக்கம்.

நான்கு வருடமாக அந்தக் காரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மாதவ், ஜனவரியில் ஒருநாள் அதைப் பார்த்தார்.

"அக்கா, இது எந்த வருஷ மாடல்?"

"எழுபத்தொண்ணு. என்னவிட ரெண்டு வயசு சின்னது."

"இது வண்டி இல்லைக்கா. பாரம்பரியம்."

"டப்பா எடுத்தார வண்டி தம்பி," என்றார் பவுன்.

மாதவ் பொறுமையாக விளக்கினார். பிப்ரவரியில் எங்கள் குடியிருப்பில் 'பாரம்பரிய தினம்'. தலைமை விருந்தினரை இந்தக் காரில் ஊர்வலமாக அழைத்து வரவேண்டும். அதற்கு முன்னால் மன்றமே காரைச் சுத்தமாகச் சர்வீஸ் செய்து கொடுக்கும்.

"எத்தினி நாளு ஆவும்?"

"ரெண்டே நாள்."

பவுன் சம்மதித்தார். மன்றத்தின் வரலாற்றில் பொற்காலம் அந்த 'ரெண்டே நாளில்' தொடங்கியது. அது பதினாறு நாள் நீடித்தது.

சனிக்கிழமை காலை கௌஷிக் ரேடியேட்டரிலிருந்த பழைய தண்ணீரையெல்லாம் வடித்தார். கௌஷிக் எங்கள் மன்றத்தின் தொழில்நுட்பத் தலைவர். அலுவலகத்தில் செல்போன் செயலிகள் செய்பவர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரோஸ் நிறக் குளிர்விப்பு திரவத்தை அவரே தன் கையால், மடமடவென்று, ஒரே மூச்சில் ஊற்றி மூடியைத் திருகினார். மெதுவாக ஊற்றினால் வீடியோ நீளமாகிவிடும்.

எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடத்தில் வெப்ப அளவைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய் நின்றது. நாங்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனோம். பவுன் மட்டும் முன்னால் வந்தார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். ரேடியேட்டரின் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் தொட்டுப் பார்த்தார்.

"மேல சுடுது, கீழ ஜில்லுனு கீது. உள்ள ஹவா மாட்டிக்கினு கீது தம்பி. தண்ணி சுத்த மாட்டேங்குது. எங்க ஏரியா மெக்கானிக் ரஃபீக் பாய்கிட்ட காட்டுனா இருபது நிமிஷ வேல."

"உங்க கருத்துக்கு நன்றிக்கா," என்றார் மாதவ். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "கருத்து வேற, தரவு வேற."

அன்று மாலையே 'காற்று வெளியேற்றும் உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர் கௌஷிக். குறிப்பெடுப்பவர் நான். கூட்டங்கள் நின்றபடியே நடக்கும் என்று முடிவாயிற்று. உட்கார்ந்தால் நேரம் வீணாகும் என்பதால் நாங்கள் நின்றுகொண்டு வீணாக்கினோம்.

முதல் கூட்டத்தில் காற்று என்றால் என்ன என்பது வரையறுக்கப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில், 'மாட்டிக்கொண்ட காற்று' என்ற சொல் எதிர்மறையாக ஒலிக்கிறது என்று ஓர் உறுப்பினர் வருந்தியதால், 'வெளியேற வாய்ப்புக் கிடைக்காத காற்று' என்று திருத்தப்பட்டது. மூன்றாவது கூட்டம், இரண்டாவது கூட்டத்தின் குறிப்பில் இருந்த எழுத்துப்பிழை பற்றியது. பிழை என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன், அது பதிவு செய்யப்பட்டது.

நான்காவது கூட்டத்தில்தான் கௌஷிக்கின் மேதைமை வெளிப்பட்டது.

"பிரச்சினை எஞ்சின்ல இல்ல," என்றார். "அந்த முள்ளுலதான் இருக்கு. அது பீதியைப் பரப்புது."

பழைய முள்ளின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தின் உச்சியில் புதிய சென்சார் ஒன்றைப் பொருத்தினார். அது செல்போனுக்குத் தகவல் அனுப்பும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். திரையில் பச்சை நிறம் தெரிந்தது. கைதட்டினோம். வெப்பம் இருபத்தெட்டு சதவீதம் 'மேலாண்மை செய்யப்பட்டது' என்று குறிப்பில் எழுதினேன்.

இதற்கிடையே பவுன் இரண்டு பஸ் மாறி, டப்பாக்களைக் கோணிப்பையில் தூக்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டரைக்கு வர வேண்டிய சாப்பாடு இரண்டேகாலுக்கு வந்தது. நாற்பத்திரண்டு டப்பா இரண்டாவது வாரத்தில் இருபத்தேழு ஆனது. இதன் தீவிரத்தை நான் உணராமல் இல்லை. சாதம் விறைத்துப் போயிருந்ததை அவரிடமே எடுத்துச் சொன்னேன்.

"வண்டியக் குடுத்துடுங்க தம்பி," என்றார். "இந்த சர்வீஸு நக்கோ."

"பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் சொல்லும்படி மாதவ் என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னேன்.

ஊர்வலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பவுன் முகமது ரஃபீக்கைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். பழுப்பேறிய சட்டை, கையில் ஒரு ஸ்பேனர் பை. வாசலில் அவருக்கு வருகையாளர் அட்டை தர நாற்பது நிமிடம் ஆயிற்று. 'வெளி ஆலோசகர்' என்று அட்டையில் அச்சடித்து, பதினோராவது மாடிக்கு அழைத்துப்போய், கௌஷிக் தயாரித்த முப்பத்துநான்கு படங்களையும் திரையில் காட்டினோம்.

"கேள்விகள் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் மாதவ்.

"வண்டி எங்க சார்?"

"கீழே பார்க்கிங்ல."

"அப்போ நான் ஏன் சார் இங்க இருக்கேன்?"

மாதவ் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, அவருடைய தீர்வைக் கேட்டார்.

"வண்டி மூக்கு மேல பாக்கணும் சார். ஏத்தத்துல நிறுத்திட்டு, எஞ்சின் ஆறி இருக்கும்போதே மூடியத் தெறந்துட்டு, அப்புறமா எஞ்சின மெதுவா ஓடவிடணும். மேல் குழாய அமுக்கி அமுக்கி விட்டா குமிழ் குமிழா வரும். தண்ணி எறங்க எறங்க ஊத்தணும். குமிழ் நின்னா மூடிடலாம். அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்ற சொல் எங்கள் துறையில் புழக்கத்தில் இல்லை.

எங்கள் குடியிருப்பில் ஏற்றம் என்பது பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவுப்பாதை ஒன்றுதான். அங்கே வாகனம் நிறுத்தக் கூடாது என்பது பதினான்காம் விதி. விலக்கு வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தோம். விண்ணப்பங்கள் திங்கள்கிழமை பரிசீலிக்கப்படும். ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை.

"அப்போ திங்கக்கிழமை வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றார் ரஃபீக்.

கௌஷிக் புன்னகையோடு செல்போனை நீட்டினார். "பாருங்க பாய். பச்சை."

"சென்சார் எங்க மாட்டிக்கீறீங்க?"

"உச்சியில."

"அங்கதான் சார் ஹவா போய் நிக்கும். உங்க சென்சார் தண்ணியத் தொடவே இல்ல. கீழ கொதிச்சாலும் அதுக்குத் தெரியாது."

'வெளி ஆலோசகர் பழைய முறைகளில் பற்றுள்ளவர்' என்று எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை வந்தது. காரை மாதவ் ஓட்டினார். பின்சீட்டில் தலைமை விருந்தினர், பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் உயர் அதிகாரி, கையசைத்தபடி அமர்ந்திருந்தார். முன்சீட்டில் கௌஷிக், செல்போனோடு. காருக்கு முன்னால் இருபது பேர் டோல்-தாஷா மேளம் முழக்கிக்கொண்டு நடந்தார்கள். மூன்று சுற்று என்பது திட்டம். நடக்கிற வேகத்தில்தான் போனார்கள் என்பதால், ரேடியேட்டருக்கு வெளிக்காற்றும் கிடைக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் காருக்கு அடியில் ரோஸ் நிறத்தில் சொட்டத் தொடங்கியது. விழாச் சாப்பாட்டைக் கொண்டுவந்திருந்த பவுனும், பைகளைத் தூக்கிவர உதவிய ரஃபீக்கும் அதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டார்கள். பவுன் பைகளை அப்படியே வெயிலில் வைத்துவிட்டு ஓடினார். எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கத்தினார். முழக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மாதவ் அவரைப் பார்த்து அன்போடு கையசைத்தார்.

மூன்றாவது சுற்றில் எஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

"இதுவும் நிகழ்ச்சியின் பகுதியா?" என்று தலைமை விருந்தினர் கேட்டார்.

"ஆமாம்," என்றார் மாதவ்.

செல்போனில் அப்போதும் பச்சைதான். கௌஷிக் இறங்கி ஓடிப் பானெட்டைத் தூக்கினார். மூடியைத் திறந்து வைக்க வேண்டும் என்று ரஃபீக் சொன்னது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று சொன்னது நினைவில்லை. கைக்குட்டையைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டே, உள்ளே பார்க்கக் குனிந்தார்.

பவுன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். மூடி பிய்த்துக்கொண்டு போயிற்று. கொதிநீர் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. கௌஷிக்கின் சட்டையில் இரண்டு ரோஸ் புள்ளிகள் விழுந்தன. அவர் முகம் இருந்த இடத்தில் பவுனின் வலது கை இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

பவுன் அழவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். ரஃபீக் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து அவர் கைமேல் விடாமல் ஊற்றினார்.

"சாப்பாடு வெயில்ல கீது," என்றார் என்னைப் பார்த்து. "கெட்டுப்பூடும். உள்ள எடுத்து வையி தம்பி."

எடுத்து வைத்தேன். ரஃபீக் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நாங்கள் சாப்பிட்டோம்.

மறுநாள் ரஃபீக் வண்டியைக் கட்டி இழுத்துப்போனார். எஞ்சினின் மேல்பாகம் சூட்டில் வளைந்துவிட்டது, சரிசெய்ய மூன்று வாரமாகும் என்று சொல்லியனுப்பினார். அன்று சரிவுப்பாதைக்கு அனுமதியும் வந்தது.

ஒன்பதாவது கூட்டம் விபத்தின் மூலகாரணத்தை ஆராய்ந்தது. திரவத்தை அவசரமாக ஊற்றியது காரணமாக இருக்கலாம். ஊற்றியவர் கூட்டத்தில் இருந்தார். சென்சார் காரணமாக இருக்கலாம். அதற்குக் கைதட்டிய அனைவரும் இருந்தோம். எச்சரித்தும் காரைக் கிளப்பியது காரணமாக இருக்கலாம். கிளப்பியவர் தலைமை வகித்தார். கூட்டத்தில் இல்லாதவர் பவுன் ஒருவர்தான்.

இருபத்திரண்டு பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. 'உரிமையாளர் பல ஆண்டுகளாகத் தகுதியற்ற தண்ணீரைப் பயன்படுத்தியதும், பாதுகாப்பு எல்லையை மீறித் தொழில்நுட்பக் குழுவின் பணியில் உடல்ரீதியாகக் குறுக்கிட்டதுமே விபத்துக்குக் காரணம்' என்ற வாக்கியம் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. மாதவ் அதை இரண்டு முறை படித்து, என் நடையைப் பாராட்டினார். உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் கையால் சாப்பிடுகிறவன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

பவுன் வாசலில் டப்பாக்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். வலது கை முழுக்கக் கட்டு. அறிக்கையை வாங்கிப் புரட்டினார்.

"இங்கிலீஷா? எம்பேரு எங்க கீது?"

ஐந்தாம் பக்கத்தைக் காட்டினேன்.

"இன்னா எழுதிக்கீறீங்க?"

"கௌஷிக்கைக் காப்பாத்தினதுக்கு மன்றம் உங்களுக்கு நன்றி சொல்லுதுக்கா."

அவர் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சம் வந்தது.

"அதெல்லாம் எதுக்குத் தம்பி. யாரா இருந்தாலும் செய்வாங்க."

கட்டுப்போட்ட கையில் பேனாவைப் பிடிக்க முடியாமல், இடது கையால், எழுத்துக்கூட்டி, மராத்தியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த அறிக்கை இப்போது மாதவின் நிறுவனத்தில் 'பொறுப்பேற்றல்' என்னும் பயிற்சி வகுப்பில் பாடமாக இருக்கிறது. அந்தச் சிறப்புக்கு அது முற்றிலும் தகுதியானதுதான். இருபத்திரண்டு பக்கத்திலும், நடந்ததற்குப் பொறுப்பேற்றுக்கொண்டு ஒரே ஒரு கையெழுத்து இருக்கிறது. அது மராத்தியில் இருக்கிறது. கீழே சாட்சி என்ற இடத்தில், தெளிவான தமிழில், என்னுடையது.