புகை தின்னும் கல்

அந்த மைதானத்துக்கு வண்டிகள் ஓடி வரவில்லை. தள்ளிக்கொண்டு வரப்பட்டன. குட்டி டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பமே மூச்சு வாங்கித் தள்ளியது. மாமனார் ஒரு சக்கரம், மருமகன் ஒரு சக்கரம். எஞ்சின் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"சூடான வண்டியில கல்லோட சக்தி இறங்காது. ஸ்டார்ட் பண்ணாம கொண்டு வரணும்!" இது, கல்லைக் கட்டி வண்டிப் புகையை நிறுத்துவதாகச் சொல்லி ஊருக்கு வந்திருந்த புகைவிழுங்கியாரின் உத்தரவு.

போன வருஷம் வேறோர் ஊரில் வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைத்தவரும் இவர்தானாம். முளைத்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அப்புறம் அது நம்பிக்கையா?

வரிசையில் வண்டிக்காரியும் நின்றாள். நாற்றுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவள். பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான ஷெட்டுக்குள் மண்ணை உழுவாள், டிரெய்லரில் எரு இழுப்பாள். சைலன்ஸர் குழாயோ அவள் முகத்துக்கு நேராகவே ஊதும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பு மை. தலை இரண்டாகப் பிளக்கும். சோற்றைக் கண்டாலே குமட்டும். பெண்டாட்டி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவளை இங்கே இழுத்து வந்தவன் அவள் புருஷன், தையல்காரன்.

அவர்கள் முறை வந்தது. எஞ்சின் இருமி எழுந்தது. குபுகுபுவென்று கரும்புகை. புகைவிழுங்கியார் வெள்ளைத் துணியைக் குழாயில் காட்டினார். அடுப்புக்கரி மாதிரி ஆனது. பிறகு ஒரு கூழாங்கல்லைக் குழாயில் கட்டி, மந்திரம் ஆரம்பித்தார். நீளமான மந்திரம். யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்க நியாயமில்லை. ஒருவழியாக முடிந்ததும் புதுத் துணியைக் காட்டினார். பளிச்சென்று வெள்ளை!

கூட்டம் விசிலடித்தது. தையல்காரன் அழுதேவிட்டான்.

"ஒரு பத்தியம் இருக்கும்மா," என்றார் புகைவிழுங்கியார். "காத்து பட்டா கல்லு செத்துடும். ஷெட்டுக் கதவ சாத்திக்கிட்டுதான் ஓட்டணும்."

சாத்திக்கொண்டு ஓட்டினாள். மறுநாள் சாப்பாடு எடுத்துப் போன தையல்காரன் கதவைத் திறந்தபோது, வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவள் தலை ஸ்டியரிங்மேல் கிடந்தது. தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு, எஞ்சினை அணைத்து, அவளை வெளியே இழுத்து வந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து, துண்டால் விசிறினான்.

அவள் கண் விழித்ததும், தையல்காரன் புகைவிழுங்கியாரிடம் ஓடினான்.

"கல்லுல குறையில்ல. உன் பொண்டாட்டி மனசுலதான் குறை. கல்லக் கொண்டா, சக்தி ஏத்தித் தரேன்," என்றார் அவர்.

கல் அவரிடமே திரும்பிப் போய்விட்டது. உடம்பு தேறி, காலையில் வண்டிக்காரி வண்டியை வெளியே விட்டு ஸ்டார்ட் செய்தாள். கரும்புகை. சரி, பல் விளக்கிவிட்டு வரலாம் என்று போனாள். வந்து பார்த்தால் எஞ்சின் சூடேறி, புகை அடங்கியிருந்தது. கல்லும் இல்லை, மந்திரமும் இல்லை.

அவள் சிரித்த சிரிப்பில் தையல்காரன் பயந்துபோனான். "ஏம்மா, தலை சுத்துதா?"

"இப்பதான் நின்னிருக்கு. கிளம்புங்க, வண்டியத் தள்ளணும். அந்தப் பழைய செருப்பப் போட்டுக்கங்க."

மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. எரு ஏற்றிய டிரெய்லரையும் நாலு பேர் பின்னால் தள்ளி வந்தார்கள். ஆறிக் கிடந்த எஞ்சினை முடுக்கினாள். புகை மண்டியது. புகைவிழுங்கியார் கல்லோடு வர, "நீங்க இருங்கய்யா," என்று தடுத்து, புருஷனின் ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் குழாயில் கட்டினாள்.

"மந்திரம் சொல்லுங்க!"

தையல்காரனுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் சட்டை அளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ராகம் போட்டான். "கழுத்து பதினஞ்சு... தோளு பதினெட்டு... கை இருபத்தி நாலு... இடுப்பு நாப்பது, கொஞ்சம் லூசு..."

ஊரில் பாதிப் பேர் அளவு முடிவதற்குள் எஞ்சின் சூடேறிவிட்டது. வண்டிக்காரி துணியைக் காட்டினாள். வெள்ளை!

"செருப்பும் புகை தின்னுது டோய்!" என்றது ஒரு குரல். மைதானமே குலுங்கியது.

"அது செருப்பில்ல! பக்கத்துல என் கல்லுங்க இருக்கில்ல, அதோட சக்தி!" என்று கத்தினார் புகைவிழுங்கியார்.

"அப்படியா? எல்லாத்தையும் கட்டுங்க. வண்டிய நான் ஓட்டறேன். நீங்க இந்த மட்கார்டுல உக்காந்து வாங்க, அந்த மேட்டு வரைக்கும்தான்."

கூட்டம் கைதட்டியே அவரை ஏற்றிவிட்டது. மாலை போட்டதுபோல் குழாய் நிறையக் கற்கள். சும்மா நின்றிருந்த வரைக்கும் சாதுவாக இருந்த எஞ்சின், எரு டிரெய்லரை மேட்டில் இழுக்கத் தொடங்கியதும் நிஜ முகத்தைக் காட்டியது. திரண்டு வந்த கரும்புகை அவர் முகத்தில் அறைந்தது. பாதி மேட்டில் குதித்தார். வெள்ளை வேட்டி அடுப்படித் துணியாகியிருந்தது.

"காத்து! காத்து வேணும்!"

"காத்து பட்டா கல்லு செத்துடும் சாமி!" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். அவர் இருமிக்கொண்டே ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

தன் வண்டியோடு வரிசையில் நின்றிருந்த மெக்கானிக் மெல்ல நழுவப் பார்த்தான். வண்டிக்காரி பிடித்துக்கொண்டாள். "நீயுமா?"

"எல்லாரும் வந்தாங்க, நானும்..." என்று தலையைச் சொறிந்தான். "ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்க்கா. சுத்தம் பண்ணிடலாம். குழாய தலைக்கு மேல ஒசத்தி வெச்சா முகத்துல ஊதாது. ஷெட்டுல ரெண்டு பக்கக் கதவையும் தொறந்து போட்டு ஓட்டுங்க. புகை கண்ணுக்குத் தெரியலன்னாலும் ஆளச் சாய்ச்சுடும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரு கேட்டீங்க? எல்லாரும் தள்றதுலேயே குறியா இருந்தீங்க!"

அன்றைக்கே குழாய் உயர்ந்தது. கதவுகள் திறந்தன. சாயங்காலம் வண்டிக்காரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். தையல்காரன் மூன்றாவதும் போட வந்தான்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்று குழைந்தார். "தம்பி, அந்த ஒத்தச் செருப்ப ஒரு நாளைக்கு இரவல் தர்றீங்களா? நம்ம வண்டியும் ரொம்பப் புகையுது."

வண்டிக்காரி சோற்றுக் கையோடு எழுந்து வந்தாள்.

"தாராளமா வாங்கிட்டுப் போங்க. ஆனா குழாயில கட்டாதீங்க மாமா. யோசிக்காம எவன் பின்னாடியாவது ஓடத் தோணும் பாருங்க, அப்ப அதால உங்க தலையிலயே ஒண்ணு போட்டுக்கங்க!"